கரை இருக்கிறது, நடக்கத்தான் ஆளில்லை

கோடை வந்தால் ஊட்டிக்குப் போக இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. அதற்கும் நெரிசல் அடங்காமல் 2025 கோடையில் வண்டிகளுக்கே உச்சவரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வேலை நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மரத்தையும் தண்ணீரையும் பார்க்கும் ஆசைக்கு ரேஷன் போட வேண்டிய நிலைமை. இவ்வளவு பேரும் மலை ஏறி என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்தே போகிறார்கள், படகுத்துறை வரிசையில் நிற்கிறார்கள், வர்க்கி வாங்குகிறார்கள், மறுபடி உட்கார்ந்தே திரும்புகிறார்கள். மொத்தப் பயணத்திலும் நடந்த தூரத்தை அளந்தால் பார்க்கிங்கிலிருந்து டிக்கெட் கவுண்டர் வரைதான் தேறும். இயற்கை என்றால் மலைமேல் இருப்பது, லீவும் காசும் சேர்த்துவைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்ற நினைப்பு நமக்குள் அவ்வளவு ஊறிக் கிடக்கிறது.

மலையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாரம் நான்கு நாள் மலைக்குப் போக முடியாது. உடம்புக்கு வேண்டியதோ வாரம் நான்கு நாள். தமிழ்நாட்டின் பாசனக் கணக்கில் ஏறக்குறைய 39,000 நீர்நிலைகள் உள்ளன. வடக்கே ஏரி, பாண்டி நாட்டில் கண்மாய், கொங்கிலும் நெல்லையிலும் குளம். பேர் எதுவானாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை உண்டு. அந்தக் கரையின் தலைப்பை ஆள் நடந்துபோகும் அகலத்துக்கு, பெரிய ஏரிகளில் மாட்டு வண்டி போகும் அகலத்துக்குக் கட்டினார்கள். யாராவது தினமும் அதன்மேல் நடந்தே ஆக வேண்டும் என்பதுதான் காரணம். நண்டு வளை, எலி வங்கு, மழையில் அரித்த பள்ளம், மதகு ஓரத்துக் கசிவு எல்லாம் நடக்கிறவர் காலடியில்தான் முதலில் அகப்படும். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர் என்று ஊருக்கு ஒரு பேரில் இருந்தவர்களின் வேலையில் பாதி, நடை. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று ஒரு குழுவையே குறிப்பிடுகிறது. பிறகு ஆழ்துளைக் கிணறும் பம்புசெட்டும் வந்தன. ஏரித் தண்ணீரை எதிர்பார்த்திருந்தவர்கள் குறைந்தார்கள். கரையில் கால் படுவதும் குறைந்தது. ஆள் நடக்காத கரையில் சீமைக்கருவேல் ஏறியது. முள்ளுக்குப் பின்னால் நடப்பது யாருக்கும் தெரியாது என்றானதும் குப்பை வண்டி வந்தது. அதற்குப் பின்னால் வேலிக்கல்.

நடப்பது நல்லது என்று இன்றைக்கு யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் சொல்கிறார், வாட்ஸ்அப் சொல்கிறது, கையில் கட்டியிருக்கும் கடிகாரம் மணிக்கொரு தரம் அதிர்ந்து சொல்கிறது. எல்லோரும் எவ்வளவு நடக்க வேண்டும் என்றே பேசுகிறார்கள். எங்கே நடப்பது என்று கேட்பவர்கள் குறைவு. அந்த ‘எங்கே’யும் மருந்தில் ஒரு பங்கு என்பதற்குக் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஆதாரம் சேர்ந்துவருகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அதற்கான விடை சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது. நமக்குக் கரை தேவைப்படுவதைவிட இன்றைக்குக் கரைக்கு நம் கால்கள் அதிகமாகத் தேவைப்படுகின்றன என்றுகூடச் சொல்லலாம்.

அளவு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து எழுதியதுதான் இந்தத் துறையின் தொடக்கப் புள்ளி. நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சிகள் பெருகிப் பெருகி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதில் வந்து நிற்கின்றன. விரைந்து நடப்பது மிதமான உழைப்பில் சேரும். பத்தாயிரம் அடி என்ற கணக்குக்கு இந்த வம்சாவளியில் இடமில்லை. 1960-களில், டோக்கியோ ஒலிம்பிக்ஸை ஒட்டிய ஆண்டுகளில், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானிக்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பேர் வைத்தார்கள். விளம்பரத்துக்கு வைத்த பேர் மருத்துவ உண்மைபோல உலகம் சுற்றிவிட்டது. 2019-இல் சராசரியாக 72 வயதான 16,741 பெண்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு, நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்ததைக் கண்டது. 7,500 அடிக்குமேல் கூடுதல் பலன் ஏதும் அதில் தென்படவில்லை. மூட்டு வலியோடு பத்தாயிரத்தைத் துரத்தும் பாட்டிகளுக்கு இந்தச் சேதியை யாராவது சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டு நிலவரம் வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு 2023-இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதே ஆய்வின் முந்தைய கட்டத்தில், தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் விசாரித்ததில், பாதிப் பேருக்குமேல் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். அதைவிட யோசிக்க வைப்பது இன்னொரு விவரம்: வேலைக்காகவோ பயணத்துக்காகவோ அல்லாமல் தன் விருப்பத்துக்காக உடம்பை அசைத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகிறோம், பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறோம். நடக்கத் தெரியாத சமூகம் இல்லை இது. சாமிக்காக நடக்கிற கால், சும்மா நட என்றால் மட்டும் கூச்சப்படுகிறது. டாக்டர் மிரட்டிய பிறகு அந்தக் கால் ஏறுகிற இடம் மொட்டை மாடி. அங்கே சுண்ணாம்பில் வரைந்த எட்டு. ஆறடி அகல எட்டுக்குள், தண்ணீர்த் தொட்டியையும் துணிக்கொடியையும் சுற்றி அரை மணி நேரம். எட்டு நடையைக் கேலி செய்ய வேண்டாம். சும்மா இருப்பதற்கு அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அந்த நடை எத்தனை மாதம் நீடிக்கிறது என்று எட்டு வரைந்த வீடுகளில் கேட்டுப் பார்க்கலாம்.

இடத்தின் பங்கைத் துல்லியமாகக் காட்டிய சோதனை ஒன்று 2017 டிசம்பரில் ‘லான்செட்’ இதழில் வந்தது. லண்டனில் 60 வயதைத் தாண்டிய 119 பேர். சிலர் ஆரோக்கியமானவர்கள், சிலருக்கு இதய நோய், சிலருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. ஒவ்வொருவரும் ஒரு நாள் ஹைட் பார்க்கில் இரண்டு மணி நேரம் நடந்தார்கள். இன்னொரு நாள் அதே இரண்டு மணி நேரம், டீசல் பேருந்தும் டாக்சியும் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில். ஆள் அதே ஆள், கால் அதே கால். பூங்காவில் நடந்த அன்று நுரையீரலின் திறன் கூடியது, தமனிகளின் விறைப்பு குறைந்தது. கடைத்தெருவில் நடந்த அன்று அந்தப் பலனில் பெரும்பகுதி காணாமல் போனது. அண்ணா சாலையிலோ காளவாசலிலோ விளக்குத் தூண் வரிசையை ஒட்டி வாக்கிங் போகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம். உழைப்பு முழுசாகச் செலவாகிறது, வரவு பாதிதான்.

மனசுக்குக் கிடைப்பதைப் பற்றிய ஆய்வுகளில் அளந்து பேசுபவையும் உண்டு, அளக்காமல் பேசுபவையும் உண்டு. ஜப்பானிய வனத்துறை 1982-இல் ‘வனக்குளியல்’ என்ற சொல்லை உருவாக்கியது. மரங்கள் விடும் வாசனைப் பொருட்கள் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பெருக்குகின்றன என்றெல்லாம் அதன்பின் வந்த முடிவுகள் பல சிறிய குழுக்களை வைத்துச் செய்தவை. ரிசார்ட்டுகள் அதை எடுத்துக்கொண்டு பேக்கேஜ் போட்டு விற்பதைப் பார்த்தால் சந்தேகம் கூடத்தான் செய்கிறது. அவற்றைத் தள்ளிவைத்தாலும் கையில் நிற்பவை இருக்கின்றன. 2008-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஒரு மரப்பூங்காவிலும் நகரத்தின் கடைத்தெருவிலும் மாற்றி மாற்றி நடக்கவிட்டு, எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். பூங்காவில் நடந்து வந்தபோது நினைவாற்றல் தெளிவாகக் கூடியிருந்தது. குளிர் காலத்தில் நடுங்கிக்கொண்டு, வேண்டா வெறுப்பாக நடந்தவர்களுக்கும் அதே பலன். அதாவது ரசித்தால்தான் பலன் என்றில்லை. 2015-இல் ஸ்டான்ஃபோர்டில் 38 பேரை 90 நிமிடம் நடக்கவைத்த ஆய்வில், புல்வெளியும் மரமும் உள்ள இடத்தில் நடந்தவர்கள் பழையதையே நினைத்து நினைத்து மருகுவது குறைந்தது. பல வழிச் சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை.

இதற்கு உளவியலாளர்கள் தரும் விளக்கம் எளிது. சாலையில் நடக்கும்போது கவனத்தை நாம்தான் பிடித்து நிறுத்த வேண்டும்: பின்னால் வரும் பைக், திறந்த சாக்கடை, ஹாரன். கவனம் என்பதும் தசை மாதிரிதான், பிடித்துக்கொண்டே இருந்தால் ஓய்ந்துபோகும். இயற்கை நம் கவனத்தைக் கேட்காமலே மெல்ல வாங்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் தசை ஆறுகிறது. இதைப் புரிந்துகொள்ள மிச்சிகன் போக வேண்டியதில்லை, கார்த்திகைக்குப் பிறகு ஏதாவதொரு ஏரிக்கரையில் காலை ஆறரை மணிக்கு ஏறினால் போதும். நிலம் கிழக்கே சரியும் ஊர்களில் கரையும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும். சரிவில் ஓடும் தண்ணீரை அங்கேதான் தடுக்க முடியும். அதனால் காலை வெயில் நடப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து விழுந்து, முன்னால் உள்ள தண்ணீரை முழுக்க வெளிச்சமாக்கும். கண் கூசாது. அலைகல் வரிசையில் தண்ணீர் வற்றி இறங்கிய கோடுகள் படிப்படியாகத் தெரியும். மதகுத் தூணின் மேல் நீர்க்காகம் ஒன்று ஈரச் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். மடை வாயில் மண்ணோடு மண்ணாக ஒரு மடையான். மடையைக் காத்து நிற்பதால்தான் அதற்கு அந்தப் பேர் வந்திருக்க வேண்டும். நிற்கும்போது அழுக்குப் பழுப்பு, நாம் இரண்டடி கிட்டே போனால் குபீரென்று வெள்ளைச் சிறகை விரித்து வேறு பறவையாகிப் பறக்கும். முக்குளிப்பான் தண்ணீருக்குள் போன இடத்தில் ஒரு வட்டம். அது எங்கே தலை தூக்கும் என்று கண் தானாகத் தேடும். எதிர்பார்த்த இடத்தில் தூக்காது. யாரும் நம்மைப் பார்க்கச் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம். கவனத்துக்கு ஓய்வு என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான்.

டிரெட்மில்லில் நடந்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். நடந்தால் யோசனைகள் அதிகம் பிறக்கின்றன என்று 2014-இல் காட்டிய ஸ்டான்ஃபோர்டு ஆய்விலேயே, சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பெரும்பலன் கிடைத்தது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் கால் அசைவதுதான் முக்கியம். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள் என்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரை விசாரித்த 2019 ஆய்வு கண்டது. நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற கேள்வியை அந்த ஆய்வால் முழுக்க விலக்க முடியாது. நாள்பட்ட நோய் உள்ளவர்களிடமும் அதே போக்கு தெரிந்தது என்பது ஓரளவு ஆறுதல். ஆக, வெளியில் நடந்தால் எல்லாம் தீரும் என்று சொல்ல இடமில்லை. டிரெட்மில்லால் தர முடியாத சில உண்டு என்பது மட்டும் உறுதி. பிள்ளைகளின் கண் அதில் ஒன்று. சீனாவின் குவாங்சௌ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல் உள்ளே இருந்தவர்களில் 39.5 சதவீதம். வெளிச்சத்துக்கு மாற்று மெஷின் இன்னும் வரவில்லை.

கொஞ்சம் கூர்மையான ஆட்சேபம் வேறொன்று. வாக்கிங் எல்லாம் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்களின் கவலை, நாள் முழுக்கக் களை எடுக்கிறவளுக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும் எதற்கு என்பது. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேலையில் செய்யும் உழைப்பும் ஓய்வில் செய்யும் உழைப்பும் உடம்புக்கு ஒரே மாதிரி இல்லை என்று மருத்துவ ஆய்வுகள் சில காலமாகச் சொல்லிவருகின்றன. குனிந்தே, தூக்கியே, ஓய்வில்லாமல் செய்யும் வேலை இதயத்தைக் காப்பதற்குப் பதில் களைப்படையச் செய்யலாம். சித்தாளுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் நட என்று யாரும் உபதேசிக்க வேண்டாம். ஆனால் செலவில்லாமல் சாயங்காலம் பிள்ளைகளோடு போய்க் காற்று வாங்க ஓர் இடம் யாருக்கு அதிகம் தேவை என்று யோசித்தால், கேட்டட் கம்யூனிட்டிக்குள் புல்வெளி வைத்திருப்பவருக்கு இல்லை. 2008-இல் இங்கிலாந்து முழுவதையும் அலசிய ஓர் ஆய்வு, பசுமை அதிகமுள்ள பகுதிகளில் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான இறப்பு விகித இடைவெளி சுருங்கியிருந்ததைக் காட்டியது. ஊர்ப் பொதுவில் இருக்கும் கரை அந்த வகையில் ரேஷன் கடையைப்போல. இருப்பவர் போகாவிட்டாலும் இல்லாதவருக்கு அது வேண்டும்.

பாம்பு? இருக்கிறது. எலி வங்கு உள்ள இடத்தில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இருப்பது அவற்றின் பிழைப்பு. விடிந்த பிறகு, புல் மண்டாத தலைப்பில், செருப்பல்ல ஷூ போட்டு நடந்தால் ஆபத்து மிகக் குறைவு. இருட்டில் டார்ச் இல்லாமல் போவதுதான் தவறு. தெருநாய்த் தொல்லை இதைவிடப் பெரிது, கரையில் கொட்டும் கோழிக்கழிவு நின்றால் அது பாதி குறையும். பெண்களின் பயத்துக்கு மட்டும் இப்படி ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. ஆளில்லாத கரையில் ஒரு பெண் தனியாக நடக்க மாட்டாள், நடக்கச் சொல்லவும் கூடாது. குடிக்க வருகிறவர்கள் கரையைத் தேர்ந்தெடுப்பதே அங்கே யாரும் வர மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான். மகளிர் குழுக்கள், குடியிருப்போர் சங்கங்கள் நாலைந்து பேராகக் கூடி ஒரே நேரத்தில் போகத் தொடங்கிய இடங்களில் குடிகாரர்கள்தான் முதலில் இடம் மாறுகிறார்கள். ஆனால் தொடங்கும் பொறுப்பைப் பெண்கள் தலையில் மட்டும் போடக் கூடாது. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் ரோந்து வண்டி வந்து நின்றால் போதும், பாக்கியைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

கூட்டம் என்றதும் பறவை ஆர்வலர்கள் முகம் சுளிப்பார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்தவை என்று ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலங்கள் தமிழ்நாட்டில் இப்போது 20, இந்தியாவிலேயே அதிகம். அவற்றில் வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், வடுவூர், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், வெள்ளோடு எனப் பல பழைய ஏரி, குளம், கண்மாய்கள்தான். ஜனம் வந்தால் நாரை போய்விடாதா? வேடந்தாங்கலே பதில். சுமார் 30 ஹெக்டேர் ஏரி. சீசனில் வருகிறவர்கள் எல்லோரும் நடப்பது அதன் கரையில்தான். பறவைகள் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுகின்றன. இடையில் உள்ள தண்ணீர்தான் வேலி. எச்சம் கலந்த அந்தத் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதால் ஊர்க்காரர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவைக்கு ஆபத்து மனிதக் காலடியில் இல்லை. சத்தத்தில், கல்லில், கூட்டுக்குக் கிட்டே போகும் செல்ஃபியில் இருக்கிறது. கரையை விட்டு உள்ளே இறங்காத நடையைப் பறவை சகித்துக்கொள்ளும்.

அது சகிக்காத ஒன்றை நாம் நல்லெண்ணத்தில் செய்துவருகிறோம். ஏரியைச் சீரமைக்கிறோம் என்றால் பல நகராட்சிகளின் அகராதியில் இதுதான் அர்த்தம்: கரைத் தலைப்பில் இண்டர்லாக் கல், ஓரத்தில் எவர்சில்வர் கைப்பிடி, பத்தடிக்கு ஒரு கலர் விளக்கு, முகப்பில் ‘ஐ லவ்’ என்று ஊர்ப் பேர், தண்ணீருக்கும் மண்ணுக்கும் நடுவில் கான்கிரீட் சுவர். மடையான் நிற்கச் சேறு இல்லை, தாழைக்கோழி ஒளியக் கோரை இல்லை, பகலில் கல் கொதிக்கிறது, இரவெல்லாம் விளக்கு. நடப்பவர் மனசைத் தொட வேண்டிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நடப்பதற்கு வழி மட்டும் விட்டால் மிஞ்சுவது மொட்டை மாடி எட்டுதான், நீளமாக. வெளிச்சம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது; அதற்கு ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் தரையை நோக்கிய விளக்கு போதும், ஒன்பது மணிக்கு அணைத்துவிடலாம். நிழல் வேண்டும், ஆனால் பெரிய மரங்களின் வேர் பட்டுப் போனால் அந்தத் துளை வழியே கரையில் நீர் கசியும் என்று பொறியாளர்கள் பயப்படுவதிலும் பொருள் உண்டு. நம் ஆட்கள் கரையில் பனையை வைத்ததன் சூட்சுமம் அது. பனைக்குச் சல்லிவேர், மண்ணைக் கவ்விப் பிடிக்கும். புங்கனையும் நாவலையும் கரைக்கு வெளிப்புறம் அடிவாரத்தைத் தாண்டி வைத்தால் கரைக்கும் கேடில்லை, மாலை நடைக்கு நிழலும் கிடைக்கும். செலவு என்று பார்த்தால் முள் வெட்டுவதும், இரண்டு முனையில் படி வைப்பதும், கழிவு கொட்டும் வாயை அடைப்பதும்தான். ஒரு செல்ஃபி பாயிண்டுக்கு ஆகும் தொகையில் பாதிகூட ஆகாது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது. நல்ல ஏற்பாடு, ஆண்டுக்கு ஒரு தடவை போய்வரலாம். 2023 நவம்பரில் சுகாதாரத் துறை ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகளை அறிவித்தது. முன்னதற்குக் காடு, பின்னதற்கு ஊர். நடுவில் கிடக்கும் கரை யாருடைய திட்டத்திலும் இல்லை. காரணம் எளிது: 100 ஏக்கருக்குமேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு, சிலது வனத்துறைக்கு. எல்லாருக்கும் அது தண்ணீர்க் கணக்கு. கால் கணக்கு பார்க்க ஆளில்லை.

கால் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் ஒன்றுதான் என்பதற்கு மதுரையைப் பார்க்க வேண்டும். 2010-லிருந்து எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று நடத்திவரும் ‘பசுமை நடை’, சமணப் படுகையுள்ள குன்றுகளுக்கும் கண்மாய்க் கரைகளுக்கும் மக்களைக் குடும்பத்தோடு கூட்டிப்போனது. கிரானைட்டுக்காகக் குன்றுகள் பாளம் பாளமாக அறுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. போகிற இடத்தில் கல்வெட்டைப் படித்துக் காட்டினார்கள். கிட்டத்தட்ட அதே நிலத்தில் மேலூர் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டியில் ஏழு குன்று, 72 நீர்நிலை, 200 சுனை. பறவை பார்ப்பவர்கள் நடந்து நடந்து எழுதிய பட்டியலில் 250 வகைப் பறவைகள், அவற்றில் லகுடு வல்லூறும் ராசாளிக் கழுகும். 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. 2024 நவம்பரில் அந்த இடத்தையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தபோது ஊர் கொதித்தது. 2025 ஜனவரி தொடக்கத்தில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரையை நோக்கிப் பேரணியாகத் திரண்டு வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வென்றது அந்த ஊர் விவசாயிகள், அதில் வேறு யாருக்கும் பங்கு கேட்க உரிமை இல்லை. ஆனாலும் ‘அங்கே வெறும் பாறைதானே’ என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. என்ன இருக்கிறது என்ற பட்டியல் தயாராக இருந்தது. உங்கள் ஊர்க் கண்மாய்க்கு நாளைக்கே ஒரு பட்டா வந்தால் காட்டுவதற்கு அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா?

இல்லையென்றால் தொடங்கத் தோதான காலம் தை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரியில் தண்ணீர் இருக்கும், வலசை வந்த வாத்துகள் இன்னும் திரும்பிப் போயிருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-லிருந்து பொங்கலை ஒட்டிய நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் சேரலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்றோ நடந்தோ கண்ணில் பட்டதை எண்ணி ‘ஈபேர்டு’ தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். எல்லாப் பேரும் தெரிய வேண்டியதில்லை. கொக்கை மட்டும் எண்ணலாம் என்று போகிறவருக்கும் வேலை இருக்கிறது, வெள்ளைக் கொக்கிலேயே பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று உண்டு. சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஆனால் சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது. அது காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கும்வரை கரையில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.